ஆறு யூனிற்

புத்தாண்டு செவ்வாய்க்கிழமை பிறந்தது.
மண்டபம் சனிக்கிழமைதான் கிடைத்தது.
லங்கந்தால் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபம்;
கூடைப்பந்து வளையத்தில்
பிளாஸ்டிக் மாவிலை.

ஈஸ்டர் முடிந்து இரண்டு கிழமை.
வேலையிடத்தில் இன்னும்
காது கடிபட்ட சொக்லேட் முயல்கள்.
ஒவ்வொன்றாய்த் தாண்டித்தான் வந்தேன்.
மூன்று தரம் சறுக்கினேன்,
அதையும் எழுதிக்கொள்ளுங்கள் டொக்டர்.

"பன்னிரண்டேமுக்காலுக்கு விருந்து"
என்றது அழைப்பிதழ்.
அச்சடித்ததை நம்புகிற ஆள் நான்.
பன்னிரண்டரைக்குக் கழிப்பறைக்குள் போய்
கொசுவத்தைக் கொஞ்சம் விலக்கி
வயிற்றில் ஆறு யூனிற்.
புக்கைக்கு நாலு,
ஒரேயொரு பயத்தம் உருண்டைக்கு இரண்டு.
கணக்குச் சரி.
கணக்கில் வராதது
தலைவர் தில்லைநடராசாவின் தலைமையுரை.

"சுருக்கமாக" என்று தொடங்கினார்.
அந்தச் சொல்லுக்குத்தான் பயப்பட வேண்டும்.
வரவேற்றவருக்கு நன்றி.
நகரசபைக்கு நன்றி.
பிறகு சங்கம் தொடங்கிய கதை, முதலாம் வருடத்திலிருந்து.
அலுமினியத் தட்டுக்குள் மூடியபடி
ஆறிக்கொண்டிருந்தது புக்கை.

ஒன்று இருபதுக்கு விரல் நடுங்கியது.
கழுத்தில் குளிர் வியர்வை.
குளுக்கோஸ் வில்லைகள்
மற்றக் கைப்பையில்.
இது சேலைக்குப் பொருந்துகிற கைப்பை.

அப்போதுதான் அலாரம்,
வெட்கமே இல்லாமல்.

உரை நின்றது.
மண்டபத்தில் ஒன்பது பேர்
ஒரே நேரத்தில்
தங்கள் மேற்கையைத் தொட்டார்கள்.

ஒன்பது பேர்!
அரியதரத் தட்டு வரும்போதெல்லாம்
"இப்பதான் சாப்பிட்டனாங்கள்" என்று
வருசக்கணக்காய்ச் சொன்ன வாய்கள்.
தலைவரும்
கோட்டுக்கு மேலால் ஒருதரம் தடவிப் பார்த்தார்.

"ஆற்றை?" என்றார், ஒலிவாங்கியிலேயே.
"என்ரை. மூன்று தசம் ஐந்து."

பக்கத்துக் கதிரைப் பொடியன்
முயலின் மிச்சக் காதை நீட்டினான்.
அதைத் தட்டிவிட்டது ஒரு கை.
தேத்தண்ணி மேசைக் குணலோசினி.
ஏழு வருசமாய் என்னோடு கதையில்லை,
சீட்டுக்காசு விசயம்.
"அது கொழுப்பு, சுணங்கும். இந்தா."
கடதாசிக்குள் நாலு சீனிக்கட்டி.
நீட்டிய கையில் சட்டை மேலேறி
அவளுடைய வெள்ளை வட்டமும் வெளியே தெரிந்தது.

"சாப்பாட்டைப் போடுங்கோ" என்றது ஒலிவாங்கி.

அம்பு மேலே திரும்பும்வரை
அவள் என் கைபேசியைப் பார்த்தாள்,
நான் அவளுடையதை.
பதின்மூன்று தசம் எட்டு.
"எத்தனை உருண்டை?" என்றேன்.
"வாயை மூடிச் சப்பு" என்றாள்.