ஒரு மணி நேர ஓய்வு

கடலூர் முதுநகரில் கரண்ட் இல்லை.
மெழுகுவத்தி எரியும் வரைக்கும் குகை.
பூதத்திடம் அடிவாங்கி
இருவரும் ஒதுங்கியிருக்கிறோம்.

"உயிர்ப்பகடை எத்தனை மிச்சம்?"
ஆட்டம் நடத்துகிற பெனாசிர் கேட்கிறாள்.
விழுகிற எண் அளவுக்குத்தான் காயம் ஆறும்.

மந்திரவாதிக்கு ஆறு முகம்.
உருட்டினேன்.
ஒன்று.
இன்னொன்றை நாளைக்கு வைத்துக்கொண்டேன்,
மாசக் கடைசி நூறு ரூபாய் மாதிரி.

கில்பர்ட் காட்டுவீரன்.
பன்னிரண்டு முகப் பகடை மூன்று,
ஒன்றும் செலவழிக்கவில்லை.
சிப்காட்டில் இரட்டை ஷிப்ட் முடித்து
நேராக வந்தவன்
சுவரில் சாய்ந்து, கை மூடி, தூங்கிவிட்டான்.

"அவனுக்கு நான் போடவா?"
"அவன் உயிரை அவன்தான் உருட்டணும்."

விரலைப் பிரித்துப் பார்த்தேன்.
பிடி விடவில்லை.

கரண்ட் வந்தது.
ஃபேனை ஓடவிட்டு
விளக்கை மட்டும் அணைத்தாள்
பெனாசிர்.