வரிக்கு நாலு டாலர்

இரங்கல் விளம்பரங்களுக்குப் பில் போடுவது என் வேலை.
வரிக்கு நாலு டாலர். படம் என்றால் தனி.
அலபாமாவில் எங்கள் ஊர்ப் பத்திரிகை
இப்போது வாரம் இருமுறைதான்.

ஆர்லீன் ஸ்டக்கிக்கு எதிர் மேசை, முப்பத்தோரு வருடமாக.
தண்ணீர்க் கட்டணம், ஷெரிஃபின் புதுப் படகு,
ஒழுகும் பள்ளிக்கூடக் கூரை,
இவற்றுக்கு நடுவே மிஞ்சிய சனிக்கிழமைகளில்
நீதிமன்ற நிலவறைக்குப் போவாள்.
தும்மிக்கொண்டே திரும்பி
"இன்னும் ஒரு பெட்டி" என்பாள்.
எப்போதும் இன்னும் ஒரு பெட்டி.

அப்படிக் கிடைத்ததுதான் செங்கல் சூளைக் கணக்கு நோட்டு, 1908.
சிறைக் கைதிகளை
மாதம் ஒன்பது டாலர் வாடகைக்கு எடுத்த சூளை.
கோவேறு கழுதைகளுக்கு அதில் பெயர் இருந்தது:
டெய்ஸி, கிழட்டு டான், நொண்டி ரூபி.
ரூபிக்கு வைத்தியர் வந்த தேதிகூட, தடவிய எண்ணெய்கூட.
ஆட்களுக்கு எண்.
61 காய்ச்சல்.
61 காய்ச்சல்.
61 வேலைக்கு எழவில்லை, பன்னிரண்டு அடி.
அடுத்த பக்கத்தில் 61 புது ஆள்,
உயரம் வேறு.

பழைய 61-இன் பெயருக்கு ஏழு வருடம் பிடித்தது.
யாரும் ஒளித்து வைக்கவில்லை.
எவரும் வராத அறைக்குப் பூட்டு எதற்கு?

கவர்னருக்குப் பென்சிலில் ஒரு கடிதம்:
"என் தம்பி ஐசம் பெட்டவே, பத்தொன்பது வயது.
தண்டவாள ஓரமாக நடந்ததற்குப் பிடித்துப் போனார்கள்.
முப்பது நாள் என்றார்கள் ஐயா.
நாங்கள் இரண்டு தடவை பருத்தி எடுத்தாயிற்று."
கடிதத்தின் முதுகில் யாரோ
மதியச் சாப்பாட்டுக் கணக்கைக் கூட்டியிருந்தார்,
தப்பாக.

நாலு வாரம் தொடராக வந்தது. சந்தாவை நிறுத்தியவர்கள் அறுபது பேர்.
காப்பி மெஷினுக்குப் பின்னால் பூச்சு உதிர்ந்த சுவரில்
அதே சூளையின் முத்திரையை
முதலாளிக்குக் காட்டினாள்.
அவர் மெஷினை நகர்த்தி வைத்தார்.

கடைசி வேலை நாள். கேக் வெட்டிய பிறகு
என் மேசையில் ஒரு படிவம் வைத்தாள்.
பெயர்: ஐசம் பெட்டவே.
இறந்தது: 1909, அநேகமாக மார்ச்.
விட்டுச் சென்றவர்கள்: அக்கா கார்டீலியா, பென்சில் வைத்திருந்தவள்.

கணினி ஏற்கவில்லை.
இறந்து முப்பது நாளுக்குள் இருக்க வேண்டுமாம்.

கையால் எழுதினேன் பில்லை.
பதினோரு வரி, நாற்பத்து நாலு டாலர்.
வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் நான்.
எண்ணி வைத்தாள், நோட்டும் சில்லறையும்,
ரசீது கேட்டாள்.