இரண்டாவது கிளாரினெட்

சப்போரோவில் பிப்ரவரி.
மூன்றாம் மாடி ஏறி வருகிறவர்கள்
முதலில் கையுறையைக் கழற்றுவார்கள், பிறகு தொப்பியை.
கடைசியில்தான் காது வெளியே வரும்
சிவந்து, சிடுசிடுப்பாக,
பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி.

பதினோரு வருடமாக இந்தக் கவுண்டரில் நிற்கிறேன்.
முகங்கள் மறந்துபோகும்.
காதுகள் மறப்பதில்லை.
இடதும் வலதும் ஒரே அளவில் அமைந்த மனிதரை
இன்னும் பார்க்கவில்லை.
சொன்னால் சிலர் சங்கடப்படுவார்கள்.
அதனால் ஒரு பக்கம் பெரியது, ஒரு பக்கம் நடுத்தரமென்று
சிலிக்கான் முனைகளைக்
காதும் காதும் வைத்தாற்போல் மாற்றிக் கொடுத்துவிடுவேன்.

அவர் பெயர் முரோய் சிகுசா.
ரசீது எழுதும்போதுதான் தெரிந்தது.
இரவில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர்.
"வண்டியை நிறுத்தினாலும் எஞ்சின் நிற்பதில்லை.
ரயிலில் வீடு போய்ச் சேரும்வரை மண்டைக்குள் ஓடுகிறது.
அதை அணைக்க ஏதாவது கொடுங்கள்.
பத்தாயிரம் யென்னுக்கு மேல் போகாமல்."

கடையின் சோதனைப் பாட்டுகள் வேண்டாமாம்.
தன் போனிலிருந்தே ஒன்றைப் போட்டார்:
தொண்ணூற்றெட்டில் பள்ளி பேண்ட் போட்டி,
யாரோ கேசட்டிலிருந்து பிரதி எடுத்தது.
"இதில் நான் இரண்டாவது கிளாரினெட்.
நான் கேட்க வேண்டும். அவ்வளவுதான்."

முதலாவதில் பெரிய முரசு
வாசலை மறித்துக்கொண்டு நின்றது.
"எஞ்சின் போய்விட்டது" என்றார். "நானும் போய்விட்டேன்."
அடுத்ததில் ஜால்ராக்கள்
கரண்டி டிராயரைக் கவிழ்த்தது போல.
மூன்றாவது சுத்தம், பளிச்.
முதல் கிளாரினெட் மட்டும் தெளிவாக.
"அவளைத்தான் எப்போதும் கேட்பார்கள்" என்றார்,
இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் கொஞ்சம் காரமாக.

நாலாவதை நானாகத்தான் எடுத்தேன். அவர் கேட்கவில்லை.
நாற்பத்திரண்டாயிரம்.
கமிஷன் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய்.
வயரைக் காதுக்குப் பின்னால் சுற்றி,
மடலை மேலே இழுத்து அழுத்தச் சொன்னேன்.

அசையாமல் நின்றார்.
"மூச்சு" என்றார்.
"வாசிக்கும் முன்னால் நான் இழுக்கிற மூச்சு. இதோ."
சிரித்தார். மேல்பல் ஒன்று கொஞ்சம் தள்ளி நின்றது.

இரண்டு நிமிடம் பதினான்கு வினாடி.
கையை உயர்த்தினார், என்னைப் பேசாதே என்பது போல.
நான் பேசவேயில்லை.
பின்னால் தள்ளிக் கேட்டார்.
திரும்பவும்.
ஐந்தாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு.

"அந்த வருடம் எங்களுக்கு வெள்ளிதான்.
ஹார்ன் முந்திவிட்டதென்று எல்லோரும் சொன்னோம்.
ஹொரிகுச்சி.
திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.
நான் இல்லை, நான் இல்லை என்றாள்.
ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை."

இப்போது இரண்டையும்
காதிலிருந்து கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார்.
"முந்தியது நான்."

மின்தடை எத்தனை ஓம், உறை எந்த உலோகம்,
வாரண்டி எத்தனை மாதம் என்றால் சொல்வேன்.
இதற்கு என்ன சொல்வது?
"பழைய கேசட் அல்லவா, இழுத்திருக்கும்" என்றேன்.
ஒரு மணி நேரத்தில் மறுபடி மூடிவிடப்போகிற சாலையைப்
பார்ப்பது போல் என்னைப் பார்த்தார்.

முதலாவதையே வாங்கினார்.
முரசு மறிக்கிற அதை.
ஒன்பதாயிரத்து எண்ணூறு, ரொக்கமாக.
தொப்பி, கையுறை.
காது உள்ளே போனது.

படியில் இறங்கும் சத்தம் பாதியில் நின்றது.
ஏறி வந்தார்.
"அந்த நாலாவதை எடுத்து வைக்க முடியுமா?"
முடியும். யார் பெயரில்?

"ஹொரிகுச்சி."

மார்ச் வந்துவிட்டது. தெருவோரத்தில் பனி கறுத்துக் கிடக்கிறது.
பெட்டி என் டிராயரில்தான் இருக்கிறது.
மேனேஜர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.
அந்தக் காது எப்படிப்பட்டதோ, தெரியாது.
மூன்று அளவு முனைகளையும்
ஜோடி ஜோடியாகப் போட்டு வைத்திருக்கிறேன்.