பிழை எண் 4172

மூன்றாம் முறையாக எழுதியிருக்கிறார் யாரோ:
"சர்வர் எந்திரிக்க மாட்டேங்குது."
எந்தப் பதிப்பு, லாக் எங்கே, ஒன்றுமில்லை.

புளியரை செக்போஸ்ட்டில்
கோழி லாரிகளுக்கு மருந்தடிக்கிறார்கள்.
ஆரியங்காவுக் கணவாய் தாண்டிய சாரல்
என் ஜன்னல் கம்பியில்.
நிரல் எழுதியவர்கள் தப்பா,
பொட்டலம் கட்டிய எங்கள் தப்பா?
"மேலே தள்ளிவிடு ஷெரீபா, அவங்க பாடு"
சாட்டில் மாடக்கண்ணு.

தள்ளவில்லை.
பழைய லேப்டாப்பில் அப்டேட் போட்டேன்.
எண்பதாம் போர்ட்டில் பழைய சர்வரே
குந்திக்கொண்டிருந்தது.
அதைக் கிளப்பிவிடும் வரியைக் காணோம்.
போன ஆடியில் நீக்கப்பட்டிருக்கிறது,
'தேவையற்றது' என்ற குறிப்போடு.
குறிப்பு என்னுடையது.

'சாதாரணம்' என்றிருந்ததை
'அவசரம்' ஆக்கினேன்.
பொறுப்பு: என் பெயர்.
கடைக்கோழியும் கூவிவிட்டது, லாரிக்குள்ளிருந்து.
அவருக்கு எழுதினேன்:
"இங்கேயும் எந்திரிக்க மாட்டேங்குது."