ஐந்து மில்லிகிராம்

ஜூலை. மான்குர்த் தண்டவாளத்தில் கணுக்கால் தண்ணீர்.
நின்றுபோன ஹார்பர் லைன் ரயிலில், பெண்கள் பெட்டியில்,
சதுர மீட்டருக்குப் பதினான்கு பேர் என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்.
அடர்த்தி பார்ப்பது என் தொழில்.

கன சென்டிமீட்டருக்கு ஐந்து மில்லிகிராம்
கேட்டிருக்கிறார்கள் லேசர்க்காரர்கள்.
காற்றைப்போல் நான்கு மடங்கு.
அவ்வளவுதான் அனுமதி.
அதற்குள் நான் ஒரு கட்டிடம் எழுப்ப வேண்டும்:
சிலிக்காவில் தூண், சிலிக்காவில் உத்தரம்,
அறைகள் அத்தனையும் காலி.

முதலில் குப்பியில் தண்ணீர்போல் ஆடும்.
இரவில் எப்போதோ ஆட்டம் நிற்கும்.
அந்தக் கணத்தை இதுவரை யாரும் பார்க்கவில்லை.
காலையில் ஷிர்கே சாய்த்துப் பார்த்துவிட்டு
"பஸ்லா" என்பார்.
உட்கார்ந்துவிட்டதாம்.

பிறகு எட்டு நாள் ஆல்கஹால் மாற்றல்.
உள்ளிருக்கும் நீர்
தான் போவதே தெரியாமல் போக வேண்டும்.
சும்மா உலரவிட்டால்
காலிசெய்யும் குடித்தனக்காரன்
கதவோடு நிலையையும் பெயர்த்துக்கொண்டு போவதுபோல்
ஈரம் சுவர்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.
எனவே அழுத்தக்கலம்.
கரியமில வாயுவைத்
திரவமுமில்லை வாயுவுமில்லை என்கிற இடத்தில் நிறுத்தி
மெல்ல, மிக மெல்ல,
ஆறு மணிநேரம் திறந்துவிடுவோம்.

ஏழாவது முறை மின்சாரம் போனது.
திறந்தபோது பொரி.
ஒன்பதாவதை நான் கொன்றேன்.
மூடியை எடுத்துவிட்டு
"வந்துடுச்சு" என்றேன்.
அந்தச் "சு"வில் பறந்துபோயிற்று.
மேசைக்கடியில், ஜன்னல் விளிம்பில், ஷிர்கேயின் மீசையில்கூடத்
தேடினோம்.

பதினொன்றாவதை வாய் மூடி எடுத்தோம்.
இரண்டு மில்லிமீட்டர் உருளை.
கறுப்புத் துணியில் வைத்தால் நீலம்.
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பழைய காகித மஞ்சள்.
கண்ணை ஒருமுறை சிமிட்டினால்
எங்கே வைத்தோம் என்று கேட்கிறது.
நுண்தராசு முப்பது மைக்ரோகிராம் என்றது,
கண்ணாடிக் கதவைச் சாத்தியதும்
முப்பத்தொன்று என்று திருத்திக்கொண்டது.
அந்த ஒன்று தூசியா, ஈரமா,
என் பதற்றமா, தெரியாது.
பதிவேட்டில் முப்பத்தொன்று என்றே எழுதினேன்.

வியாழன் மாலை சுட்டார்கள்.
ஒரு நானோ நொடி.
சூரியன் அல்ல, சூரியனின் ஒத்திகையும் அல்ல,
ஒத்திகைக்கு மேடை தாங்குமா என்று
தட்டிப் பார்ப்பது.
மூன்று வாரம்
திரையில் ஒரு கோடானது.
இலியாஸ் போன் செய்தான்:
"கோடு சீரா இருக்கு. அதே மாதிரி ஆறு வேணும்."
கொஞ்சம் தயங்கி,
"மூணு மில்லிகிராம்ல முடியுமா?"

திரும்பும் ரயிலில்
செம்பூரில் ஏறிய பெண்ணொருத்தி
மீன்கூடையை என் காலருகே வைத்துவிட்டு
நின்றபடியே என் தோளில் தூங்கிப்போனாள்.
நல்ல கனம்.
மூன்று, மூன்று என்று யோசித்துக்கொண்டே
வடாலா வரைக்கும்
சின்னச் சின்னதாக மூச்சு விட்டேன்.