பதினொரு பேர்

மாரிபோர். பிப்ரவரி. இரவு ஒன்று நாற்பது.
டயர்க் கடைக்கு மேலே என் அறை.
ஹீட்டர் பாதிக்கு மேல் ஏறாது.

என் வேலை என்னவென்று கேட்பவர்களிடம்
இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்:
உலகமெங்கும் முந்நூற்று நாற்பத்தொரு காவலர்கள்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரிடமும் கேட்கிறேன்,
"இந்த வீட்டுக்கு வழி தெரியுமா?"
தெரியும் என்பவர்களை எண்ணுகிறேன்.
அதற்குச் சம்பளம்.

ஒரு முகவரி தானாக இருந்துவிட முடியாது.
கம்பி இருக்கலாம், மின்சாரம் இருக்கலாம்,
பெட்டியில் பச்சை விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கலாம்.
அக்கம்பக்கம் நாலு பேர்
"என் வழியாகப் போகலாம்" என்று சொல்ல வேண்டும்.
அவர்கள் சொன்னதை இன்னும் நாலு பேர் நம்ப வேண்டும்.
வாய் மாறி வாய் மாறிப் போனால்தான்
கடலுக்கு அப்பால் அப்படி ஒரு வீடு உண்டு.

யெர்னேய் போட்கோர்னிக்
மலையடிவாரத்தில் எழுநூறு வீடுகளுக்கு
இருபத்திரண்டு வருடம் இணையம் கொடுத்தவர்.
போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்துக்குக்
கடையைக் கட்டினார். முறையாகத்தான் கட்டினார்.
ரவுட்டரில் ஒரே ஒரு வரி:
இனி இந்தப் பக்கம் யாரும் வர வேண்டாம்.
பக்கத்துப் பெட்டி அதற்குப் பக்கத்துப் பெட்டிக்குச் சொன்னது.

என் திரையில் 341.
காப்பியை ஒரு வாய் குடித்து நிமிர்வதற்குள் 290.
60.
17.
11.

11.

மறுநாள் காலையிலும் 11.

சாவுச் செய்தி எல்லா வீட்டையும் எட்டுவதில்லை.
எங்கோ ஒரு பெட்டி,
மென்பொருளில் ஒரு பிசகு,
கேட்க வேண்டிய நேரத்தில் காது அடைத்துக்கொண்டது.
அது கேட்காததால்
அதை நம்பியிருப்பவையும் கேட்கவில்லை.

பத்துப் பேர் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள்.
மிஞ்சியவர் மான்டிவிடியோ.
மூன்று வாரமாக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை,
சலிக்காமல் அதே பதில்:
தெரியும். யெர்னேய் வீடுதானே. நேராகப் போங்கள்.

அங்கிருக்கும் சோதனைப் பெட்டியிலிருந்து
ஒரு பொட்டலத்தை அனுப்பிப் பார்த்தேன்.
அறுபத்து நான்கு என்று ஆயுள் எழுதி அனுப்பினேன்.
ஒவ்வொரு வாசலிலும் ஒன்று குறையும்.
சாவோ பாவ்லோ வரை ஒழுங்காகப் போனது.
பிறகு இரண்டு வாசல்களுக்கு நடுவே,
நீ போ என்று அதுவும் நீ போ என்று இதுவும்
மாற்றி மாற்றித் தள்ள,
ஆயுள் தீர்ந்து எங்கோ நடுவில் விழுந்தது.
யாரும் எடுத்து வைக்கவில்லை.

யெர்னேயைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
தேன் பெட்டிகளுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தாராம்.
"உருகுவேயா? அங்கே எனக்கு
ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாதே."
சிரித்தார். தூரிகையைக் கீழே வைக்கும் சத்தம்.
"அங்கே இப்போது வெயில் காலம், இல்லையா?"
ஆமாம் என்றேன்.
"இன்னும் ஒரு வாரம் விட்டு வையேன், ஸ்வெஸ்தானா.
யாருக்கு என்ன நஷ்டம்."

நஷ்டம் இருந்தது.
அவர் விற்ற முகவரிகளைப் பிளோவ்டிவில்
ஒரு டயாலிசிஸ் மையம் வாங்கியிருக்கிறது.
திங்கட்கிழமை முதல் அவர்கள் அறிவிப்பார்கள்.
அப்போதும் மான்டிவிடியோவிலிருந்து கிளம்பும் கடிதம்
பூட்டிய கடையைத் தேடித்தான் அலையும்.
அவரிடம் இதைச் சொல்லவில்லை.
சரி, பார்க்கிறேன் என்றேன்.
எனக்கும் வராத பொய் இல்லை அது.

நெரேயோ எட்சார்ட் என்பவருக்கு எழுதினேன்:
உங்கள் பெட்டி ஒன்று
இல்லாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
எண்களை இணைத்திருக்கிறேன்.
நாற்பது நிமிடத்தில் பதில்:
இணைப்பை அறுத்துத் திரும்பக் கட்டிவிட்டேன். மன்னிக்கவும்.

எதற்கு மன்னிப்பு என்று தெரியவில்லை.
முந்நூற்று நாற்பது பேர் மறந்த பிறகும்
நினைவு வைத்திருந்ததற்கா?

அடுத்த சுற்றுக்கு நான்கு நிமிடம் இருந்தது.
காத்திருந்தேன்.
கேட்டேன்.
0.

யெர்னேய்க்குக் குறுஞ்செய்தி போட்டேன்: முடிந்தது.
கீழே யாரோ வாசலில் பனியைச் சுரண்டத் தொடங்கியிருந்தார்கள்,
விடிவதற்கு வெகு நேரம் முன்பே.
பதில் வந்தது:
வெயில் எப்படி இருக்கிறதென்று கேட்டாயா?

கேட்கவில்லை.