ஆறாவது நாளின் படங்கள்

பெட்டிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த
எந்த ஊர் என்று தெரியாத மண்ணை
குளியலறையில் வைத்துக் கழுவி முடிப்பதற்குள்
வந்துவிட்டார்கள்:
பின்வீட்டு தனபாக்கியம், சிலம்பரசி டீச்சர்,
ஆலையிலிருந்து இரண்டு பேர்,
கொய்யாப்பழப் பையோடு கக் ரொஹானா.

"இவ்வளவு காசுக்குக் காசிக்கே போயிருக்கலாமே"
என்றாள் தனபாக்கியம், முறுக்குத் தட்டை மடியில் வைத்தபடி.
வெனிஸிலும் படிக்கட்டுதான்,
தண்ணீரும் ஏறக்குறைய அதே நிறம்தான் என்றார் இவர்.

இவர் என்றால் குணாளன்.
செம்பனை ஆலையில் எடைமேடைக்காரர்.
இருபத்தாறு வருடமாக லோரிகளை நிறுத்தி நிறுத்தி
எதைப் பார்த்தாலும் எத்தனை டன் என்று சொல்லும் வாய்.
பீசாவில் சாய்ந்த கோபுரத்தடியில் நின்று
"கட்டுனவனுக்கு பாக்கிக் காசைக் கொடுத்திருப்பானுங்களா?"
என்று கேட்டதை அவரே சொல்ல
கூரை அதிரச் சிரித்தார்கள்.

நான் பொலோன்யாவைச் சொன்னேன்.
ஊர் முழுக்க அஞ்சடி.
நம் பகாவில் நான்கு கடை தாண்டினால் முடிந்துவிடும்,
அங்கே முடியவே முடியாத அஞ்சடி.
இரண்டு நாள் மழை.
எங்கள் குடை கடைசிவரை விரியவில்லை.
"அதுல மோட்டார் நிறுத்தி வச்சிருப்பாங்களா?"
என்றார் ஆலைக்காரர் ஒருவர்.
இல்லை. நடப்பதற்கே விட்டிருக்கிறார்கள்.

சியெனாவில் விடியற்காலை மணி அடித்தபோது
இவர் பதறி எழுந்து சட்டை தேடியதை
நான் சொல்லவில்லை.
ஆலைச் சங்கு என்று நினைத்துவிட்டார்.
பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
எங்கே இருக்கிறோம் என்பதை
ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்த முகம்
எனக்கு மட்டுமானது.
"படுங்க" என்றேன்.
படுத்தார். ஒன்பதரை வரைக்கும்.
முகத்தில் வெயில் விழ அவர் தூங்கியதை
கல்யாணமாகி அன்றுதான் பார்த்தேன்.

ஃபோன் கைமாறிக் கைமாறிச் சுற்றியது.
ஐந்தாம் நாள் முடிந்து ஏழாம் நாள் வந்ததும்
சிலம்பரசி டீச்சரின் விரல் நின்றது.
பரீட்சைத்தாள் திருத்துகிற கண்.
"நடுவுல ஒரு நாளைக் காணோமே?"

"சார்ஜ் இல்ல" என்றார் இவர்
என்னைப் பார்க்காமல்.

இருந்தது. எண்பது சதவீதம்.

தப்பான ஸ்டேஷனில் இறங்கிவிட்டோம்.
பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்த ஊர்.
அடுத்த ரயிலுக்கு நான்கு மணி நேரம்.
பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை:
அடைத்த மருந்துக்கடை, சொட்டும் குழாய்,
எங்களைப் பொருட்படுத்தாத ஒரு நாய்.
பீச் பழம் நான்கு வாங்கி
கத்தியில்லாமல் கடித்தோம், முழங்கை வரை சாறு.
நான் செருப்பைக் கழற்றினேன்.
அவர் எதையும் எடை போடவில்லை.
பேசினோமா என்றால், பேசினோம்.
வீட்டுக் கடன் இல்லை,
ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்த
அந்தப் பெயரில்லாதவள் இல்லை.
ஓர் எறும்பைப் பற்றி, கொஞ்ச நேரம்.

ரயில் வந்தது.
இருவருமே எழுந்திருக்கவில்லை.
அதற்கடுத்ததில் போனோம்.

போன ஞாயிறு சந்தை முடிந்து வரும்போது
பகாவ் பஸ் நிலையத்தருகே காரை ஓரங்கட்டினார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
பெஞ்சில் உட்கார்ந்தோம், நடுவில் ஒரு கிலோ டுக்கு.
குலை ஏற்றிய லோரி ஒன்று
வளைவில் இரண்டு பழத்தைச் சிந்திவிட்டுப் போனது.
எத்தனை டன் என்று சொல்வார் எனக் காத்திருந்தேன்.
லோரி கண்ணுக்கு மறைந்தும்
காத்திருந்தேன்.

தனபாக்கியத்தின் மகன் மோட்டாரை நிறுத்தினான்.
"அங்கிள், இந்த நேரத்துக்கு பஸ் இல்லையே?"

"தெரியும்டா" என்றார்,
தோலை உரித்து
என் பக்கம் ஒரு சுளையை நீட்டியபடி.